சபைக்குள் மன்னிப்பு: குற்ற உணர்விலிருந்து சமாதானம் வரை, படிப்படியாக

மனம் உடைந்து நிற்பவரிடம் "மன்னித்துவிடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. எதை மன்னிப்பது, யாரிடம் முதலில் பேசுவது, எதற்குப் பிறகு எது என்று யாரும் சொல்வதில்லை.

இப்படித் தடுமாறுகிறவர்களோடு உட்கார்ந்து பேசியதில் ஒன்றைக் கவனித்தேன். அவர்களில் பெரும்பாலானோருக்கு மன்னிக்கவோ மன்னிப்புக் கேட்கவோ மனம் இல்லாமல் இல்லை. வரிசைதான் மாறிப்போகிறது. தேவனிடம் தனியாகச் சொல்லவேண்டியதைச் சாட்சி நேரத்தில் சபை முன்னால் சொல்வார்கள். ஒருவரிடம் நேரில் பேசவேண்டியதை ஜெபக்குழுவில் பேசுவார்கள். பிறகு, "எல்லாம் செய்தேன், சமாதானம் மட்டும் வரவில்லை" என்பார்கள். அதனால் கீழே உள்ள படிகளை முன்பின்னாக மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டுப் புத்தகம், வேதாகமம், யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம். இவை போதும். உபவாசம் இருந்துதான் தொடங்கவேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவர் உபவாசத்தோடு இதைத் தொடங்கினால் இரண்டாம் படிக்குள் துவண்டுவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு நடந்தது அடி, பாலியல் அத்துமீறல், மிரட்டல், பண மோசடி போன்றதாக இருந்தால், அதைச் செய்தவரிடம் தனியாகப் போகவே போகாதீர்கள். முதலில் பாதுகாப்பான இடம், நம்பகமான ஒருவர், காவல்துறை. பாதிக்கப்பட்டது ஒரு குழந்தை என்றால் சபைக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மன்னிப்பதற்கும் புகார் கொடுப்பதற்கும் முரண்பாடு கிடையாது. இரண்டையும் செய்யலாம், ஆனால் புகாரைத் தள்ளிப்போடக்கூடாது.

1. எந்தப் போராட்டம் என்று பிரித்துப் பாருங்கள்

"எனக்கு ஆவிக்குரிய போராட்டம்" என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக்கொடுத்தால் மூன்றில் ஒன்று வெளியே வரும். நான் தவறு செய்தேன் என்ற குற்ற உணர்வு. எனக்குத் தவறு இழைத்தார்கள் என்ற காயம். அல்லது காரணம் சொல்லத் தெரியாத வறட்சி: ஜெபம் வரவில்லை, பாட்டு ஒட்டவில்லை, தேவன் தூரமாக இருக்கிறார்.

இதை முதலில் பிரிக்கவேண்டிய காரணம், மூன்றுக்கும் மருந்து வேறு. காயப்பட்டவர் மனந்திரும்புதலைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால், தன்மேல் இல்லாத குற்றத்தையும் தலையில் ஏற்றிக்கொள்வார். தவறு செய்தவர் ஆறுதல் வசனங்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் உறுத்தல் அடங்கும், ஆனால் தீராது.

மூன்றாவது வகைக்கு மன்னிப்பே தேவைப்படாமல் இருக்கலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்றபோது (1 இராஜாக்கள் 19), தூதன் எந்தப் பாவத்தையும் விசாரிக்கவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வியெல்லாம் ஓரேப் மலையில், அதற்கப்புறம்தான். வாரம் முழுக்க வேலை, வார இறுதி முழுக்க ஊழியம் என்று ஓடுகிறவர்களுக்கு வரும் வறட்சியில் பாதி இந்த வகை. தூக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால், சாகவேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, உடனே மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

வறட்சி என்று தெரிந்தவர்கள் இங்கேயே நின்று 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வசனங்களில் மட்டும் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட வெளிச்சம் வருவதில்லை. இப்படிப்பட்ட ஜெபமும் ஜெபம்தான் என்று அவை வேதத்தில் இடம்பெற்றிருக்கின்றன.

2. நடந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

குற்ற உணர்வோ காயமோ, நோட்டில் ஒரு வாக்கியம். யார், யாருக்கு, என்ன செய்தார். "நான் பாவி", "சபையில் யாருக்குமே அன்பு இல்லை" இவையெல்லாம் வேண்டாம். "காணிக்கைக் கணக்கில் குறைந்த பணத்தைப் பற்றி என்னைக் கேட்காமலேயே நான் எடுத்ததாக மூப்பர் கூட்டத்தில் சொன்னார்" என்பது வாக்கியம். "பாடகர் குழுவில் அவளைச் சேர்க்காமல் இருக்க நான் பொய் சொன்னேன்" என்பதும் வாக்கியம்.

ஏன் இத்தனை கறார்? மொத்தமாக வந்து அழுத்தும் குற்றச்சாட்டுக்கு மொத்தமாகத்தான் மன்னிப்புக் கேட்கமுடியும், அப்படிக் கேட்டது எதிலும் ஒட்டாது. ஆவியானவர் கண்டித்து உணர்த்தும்போது விஷயம் துல்லியமாக இருக்கும், அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும். "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று மட்டும் சொல்லும் குரலுக்கு விவரம் கிடையாது. எழுதிப் பார்த்தும் வாக்கியம் வரவில்லை என்றால் முதல் படிக்கே திரும்புங்கள்.

இரண்டு பக்கமும் தவறு இருந்தால் இரண்டு வாக்கியம் எழுதுங்கள், ஆனால் தனித்தனிப் பக்கத்தில். ஒரே பக்கத்தில் எழுதினால் நம் தவறு உடனே அவர் தவறுக்குப் பதிலடியாக மாறிவிடும்.

3. முதலில் தேவனிடம்

அந்த வாக்கியத்தை அப்படியே சத்தமாகச் சொல்லுங்கள். பத்சேபாள் விஷயத்தில் தவறைச் சுட்டிக்காட்ட நாத்தான் தீர்க்கதரிசி வந்து நின்றபோது தாவீது சொன்னது ஒரே வரி: கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் (2 சாமுவேல் 12:13). அதே வசனத்திலேயே மன்னிப்பும் அறிவிக்கப்படுகிறது. நீளமாக ஜெபித்தால்தான் ஏறும் என்ற கணக்கு அங்கே இல்லை.

பிறகு 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். மன்னிப்பதற்குக் காரணமாக அங்கே சொல்லப்படுவது அவருடைய உண்மையும் நீதியும். நாம் எவ்வளவு அழுதோம் என்பது அந்த வசனத்தில் இல்லை. கண்ணீர் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சுட்டிக்காட்டுவேன்.

காயப்பட்டவர்களுக்கும் இந்தப் படி உண்டு. கோபத்தை அலங்கரிக்காமல் தேவனிடம் கொட்டுங்கள். மனிதரிடம் போவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வேகம் எங்கேயாவது கொட்டித்தான் தீரும். அது எதிரில் இருப்பவர்மேல் கொட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

4. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்கு இதற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் அந்தப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது. நேரடியாக மீறினால் தானாகவே திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாவார். மற்ற சபைகளில் பொதுப் பாவ அறிக்கை ஆராதனையில் இருந்தாலும், தனிப்பட்டதைச் சொல்லும் ஆளை நாமேதான் தேடவேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை. அவர் இதுவரை மற்றவர்களைப் பற்றி உங்களிடம் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். "யாரிடமும் சொல்லாதே, ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்று ஒருவருடைய குடும்ப விஷயத்தை உங்களுக்குச் சொன்னவர், நாளை உங்களுடையதையும் அதே முன்னுரையோடு சொல்வார். பதவியைப் பார்க்கவேண்டாம். வாயைக் கட்டத் தெரிந்த வயதான விசுவாசி ஒருவர், அவசரக்காரப் போதகரைவிட நல்ல தேர்வு.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு ஜெபக்குழு. வாட்ஸப்பில் பெயர் சொல்லாமல் "ஒரு சகோதரியால் மிகவும் காயப்பட்டிருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று போடுவது. பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அல்லது எல்லோரும் ஊகிப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் சமாதானம் பேசப் போவது ஒருவரிடம் மட்டும் இருக்காது.

5. தவறு உங்களுடையதென்றால்: நேரில் போவது

காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு (மத்தேயு 5:23-24). ஆராதனைக்கு முன் இது என்பதால், பலர் பதற்றத்தில் ஆராதனை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சபை வாசலில் ஒருவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்கிறார்கள். சுற்றிலும் ஆட்கள், உள்ளே பாட்டு ஆரம்பம். எதிரில் இருப்பவர் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறென்ன சொல்லமுடியும்? அந்தப் "பரவாயில்லை"யை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்கூட்டியே கேட்டு, அவருக்கு வசதியான நேரத்தில், அவர் எழுந்து போக வழியிருக்கும் இடத்தில் சந்தியுங்கள். குரல் பதிவு, நீண்ட செய்தி எல்லாம் நேரில் போகவே முடியாதபோது மட்டும்.

என்ன சொல்வது? ஒரு உதாரணம். ஒரு அக்கா தன் மகனுக்கு வேலை போனதை நம்பிச் சொன்னார். கேட்டவர் அதை ஜெபக்குறிப்பாகக் குழுவில் சொல்லிவிட்டார். வழக்கமாகக் கேட்கப்படும் மன்னிப்பு இப்படி இருக்கும்:

"நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க அக்கா. உங்களுக்காக எல்லாரும் ஜெபிக்கணும்னுதான் சொன்னேன்."

முதல் பாதி, தப்பு நடந்ததா என்பதையே சந்தேகத்தில் விடுகிறது. அடுத்த பாதி தன் எண்ணம் நல்லது என்று வாதாடுகிறது. அக்கா இப்போது மன்னிக்கவில்லை என்றால் ஜெபத்துக்கே எதிரி ஆகிவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அக்கா, தம்பிக்கு வேலை போனதை என்னை நம்பிச் சொன்னீங்க. உங்களைக் கேட்காம நான் அதைக் குழுவில சொல்லிட்டேன். அதனால நீங்க கூட்டத்துக்கே வர முடியாம போச்சு. அது என் தப்பு. என்னை மன்னிக்கணும்."

செய்தது என்ன, அதனால் அவருக்கு என்ன ஆனது, பொறுப்பு யாருடையது, வேண்டுகோள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணத்தை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம். அவர் கோபப்பட்டால் கேளுங்கள். அழுதால் வசனம் சொல்லித் தேற்றாதீர்கள், அந்த நேரத்தில் தேற்றும் தகுதி உங்களுக்கு இல்லை. "கிறிஸ்தவங்கன்னா மன்னிச்சுத்தானே ஆகணும்" என்பது வாயில் வரவே கூடாது. கடன் வாங்கியவர் தவணையை நிர்ணயிப்பதில்லை.

சரிக்கட்டவேண்டியது இருந்தால் அதையும் செய்யுங்கள். லேவியராகமம் 6-ல் அபகரித்ததை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்து, அப்புறம்தான் பலி சொல்லப்படுகிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். பணம் என்றால் பணம். பேர் கெட்டது என்றால், எங்கே பேசினோமோ அதே ஆட்களிடம் போய் "நான் சொன்னது தவறு" என்று சொல்வதுதான் சரிக்கட்டுதல். மேற்சொன்ன உதாரணத்தில் அந்தக் குழுவிடம் "அவங்களைக் கேட்காம சொல்லியிருக்கக்கூடாது, இனி யாரும் இதைப் பேசவேண்டாம்" என்று சொல்வது. அக்காவின் சம்மதத்தோடு மட்டும்!

இன்னொரு தவறு, நல்ல மனதோடு செய்யப்படுவது. எழுப்புதல் கூட்டம் முடிந்த கையோடு ஒருவர் வந்து, "உங்க மேல ரெண்டு வருஷமா எனக்குக் கசப்பு இருந்தது, மன்னிச்சிடுங்க" என்பார். கேட்பவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. சொன்னவர் லேசாகிப் போய்விடுவார், கேட்டவருக்கு அன்று தூக்கம் போகும். எண்ணத்தோடு நின்ற பாவத்தை மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும் முடித்துக்கொள்ளுங்கள். பேச்சாகவோ செயலாகவோ அவரைத் தொட்டதை மட்டும் அவரிடம் கொண்டுபோங்கள்.

6. காயம் உங்களுடையதென்றால்

மத்தேயு 18:15-17-ல் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேர். பிறகு சபை. நாம் பொதுவாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: சபைக்கெல்லாம் தெரிந்து, இரண்டு மூன்று பேர் கட்சி சேர்ந்து, கடைசியில் சம்பந்தப்பட்டவருக்கே சேதி போகிறது. தனியாகப் போகச் சொன்னது அவருடைய மானத்தைக் காக்க. மானம் போனவருக்கு ஒப்புக்கொள்வதால் லாபம் ஒன்றுமில்லை, அதனால் சண்டைக்கு நிற்பார்.

போதகர்மேலோ மூப்பர்மேலோ குறை என்றால் 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. இதைக் காட்டி வாயடைப்பவர்கள் அடுத்த வசனத்தை வாசிப்பதில்லை. பாவஞ்செய்கிறவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது அது.

மன்னிப்பது என்றால் நடந்தது சின்ன விஷயம் என்று ஒத்துக்கொள்வது அல்ல. மத்தேயு 18-ன் உவமையில், ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஒருவன், தன்னிடம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னிக்க மறுக்கிறான். அந்த உடன் ஊழியக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். திராட்சத்தோட்ட உவமையில் அந்தக் காசு ஒன்றுதான் ஒரு நாள் கூலி. ஆக நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. பதினாயிரம் தாலந்தின் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது சிறியது. உங்கள் இழப்பு எவ்வளவு என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எண்ணாத கடனைத் தள்ளுபடி செய்யமுடியாது. "பரவாயில்லை, நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்று உடனே சொல்பவர்கள்தான் பல மாதம் கழித்து ஒரு சின்னப் பேச்சில் வெடிக்கிறார்கள்.

7. மன்னிப்பு வேறு, ஒப்புரவு வேறு, நம்பிக்கை வேறு

மன்னிப்பு உங்கள் ஒருவரால் ஆகும். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். நம்பிக்கைக்குக் காலம் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பதால்தான் "நான் மன்னிக்கவே இல்லையோ" என்ற குழப்பம் வருகிறது.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பைத் தாவீது இரண்டு முறை விட்டார். இரண்டாம் முறை சவுல் "திரும்பி வா" என்றே அழைக்கிறான். அதிகாரத்தின் கடைசி வசனத்தில் தாவீது தன் வழியே போகிறார், சவுல் தன் இடத்துக்குத் திரும்புகிறான் (1 சாமுவேல் 26:25). பழிவாங்கவில்லை, அரண்மனைக்கும் போகவில்லை. இதைத் தாவீதின் கசப்பு என்று யாரும் பிரசங்கிப்பதில்லை. ஆனால் சபையில் ஒருவர் அதையே செய்தால் உடனே கசப்பு என்கிறோம்.

ரோமர் 12:18 "கூடுமானால், உங்களாலானமட்டும்" என்று இரண்டு நிபந்தனை வைத்தே சமாதானத்தைப் பேசுகிறது. உங்கள் பங்கை முடித்தபின், மறுபக்கம் வராததற்கு நீங்கள் பொறுப்பில்லை.

8. பழைய உறுத்தல் திரும்பி வந்தால்

வரும். அதே பாவத்துக்காகத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கத் தோன்றும். நோட்டை எடுத்து அந்த வாக்கியத்தின் கீழே அறிக்கையிட்ட தேதியை எழுதி வையுங்கள். உறுத்தல் வரும்போது தேதியைப் பாருங்கள். புதிய தவறு இருந்தால் புதிய வாக்கியம். இல்லாவிட்டால் மறுபடி அறிக்கை வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். மறுபடி மறுபடி கேட்பது அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் முதல் மன்னிப்பு செல்லவில்லை என்று மனதுக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, கேட்டுக்கொண்டிருந்த தன் துறவற சபைத் தலைவர் ஸ்டாபிட்ஸையே களைப்படைய வைத்தவர். ஆகவே இந்தத் தொல்லை பக்தியில் குறைந்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நாளுக்குப் பலமுறை இந்த எண்ணச் சுழலில் சிக்கி அன்றாட வேலை கெடுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். எண்ணச் சுழல் நோய்க்கு (OCD) சிகிச்சை உண்டு.

காயம் திரும்பி வந்தாலும் இதே முறைதான். முகத்தைப் பார்த்ததும் வயிறு இறுகுவது உடம்பின் ஞாபகம். நீங்கள் மன்னித்ததை அது ரத்து செய்வதில்லை.

9. ஆராதனைக்குத் திரும்புவது

திருவிருந்தை மாதக்கணக்கில் தவிர்த்துத் தங்களையே தண்டித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து, அப்புறம் புசிக்கச் சொல்கிறது. சோதித்துவிட்டு விலகி உட்காரச் சொல்லவில்லை. உங்கள் சபையின் ஒழுங்குப்படி முன்னதாக அறிக்கை செய்யவேண்டும் என்றால் அதை முடித்துவிட்டுப் போங்கள்.

முதல் சில வாரங்கள் அந்த நபர் கண்ணில் படாத பக்கம் உட்காருவதில் தப்பில்லை. கைகுலுக்கும் நேரத்தில் ஒரு தலையசைப்பு போதும்.

சபை மாறலாமா என்றும் கேட்கிறார்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் படியை முடிக்காமல் மாறினால், அந்த வாக்கியம் புதுச் சபைக்கும் கூடவே வரும். முடித்த பின்னும், தவறு செய்தவர்கள் அதே பொறுப்பில் அதையே தொடர்கிறார்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். பவுலும் பர்னபாவும் மாற்கைக் கூட்டிக்கொண்டு போவதா என்ற விஷயத்தில் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தவர்கள்தான் (அப்போஸ்தலர் 15:39). போகும்போது காரணத்தைப் போதகரிடம் ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள், மற்றவர்களிடம் வேண்டாம்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்களிடம் "ஏன் காணோம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே யோசித்து வையுங்கள். "கொஞ்சம் ஓய்வு தேவைப்பட்டது, இப்ப வந்துட்டேன்" என்பது போதும். அடுத்த கேள்வி வந்தால் அவர்கள் வீட்டுச் சமாசாரத்தை விசாரியுங்கள். வந்த வாரமே ஞாயிறு பள்ளியையோ பாடகர் குழுவையோ கையில் கொடுக்க வருவார்கள். அதற்கு மட்டும் சில மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.